சூடு போன வழி

மீட்டர் கத்தவில்லை.

ஒரே ஒரு 'பீப்' வந்திருந்தால் வாலுவுக்குப் போன உயிர் திரும்பியிருக்கும். மெக்கானிக் கரண்ட் பார்க்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டின்மேல் மறுபடி வைத்தார். ஊமை. முதுகுத் தகடு கழற்றப்பட்ட, துணி உலர்த்தும் டிரையர் அறை நடுவில் அம்மணமாக நின்றது.

"ஃப்யூஸ் அறுந்திருக்கு" என்றார். "உள்ள அளவுக்கு மீறி கொதிச்சிருக்கு. இது அறுந்ததால பொழைச்சீங்க. இல்லேன்னா துணி பத்தியிருக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் கைக்குழந்தை தூங்குகிறது.

"நான் சொல்லல?" அப்பா வாசற்படியிலிருந்தே ஆரம்பித்தார். "துணி காயப்போடுற மெஷின்ல எவளாவது ஷூவைப் போடுவாளா? சாயந்திரம் மேட்சும் கிடையாது, இனிமே டீமும் கிடையாது. பாப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

நேற்று நடந்தது இவ்வளவுதான். மழையில் ஊறிய ஷூவை வாலு டிரையரில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டால் சில்லென்று இருந்தது. டிரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. சூடு மட்டும் இல்லை. பதினைந்து வயதில், எத்தனையோ முட்டிச் சிராய்ப்புக்குப் பிறகு, கூடைப்பந்து அணியில் அவளுக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. அது ஒரு ஜோடி ஷூவோடு போகப்போகிறது.

பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூளைக்குள் ஏதோ நமநமவென்று அரித்தது.

"அண்ணே, ஷூ போட்டா ஃப்யூஸ் போகுமா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஷூ போட்டா லொடலொடன்னு சத்தம் வரும். டிரம் அடி வாங்கும். கொதிக்காதே. சூடான காத்து வெளிய போக வழியில்லேன்னாதான் கொதிக்கும். பஞ்சு வடிகட்டி அடைச்சிருக்கும், பாருங்க."

"வடிகட்டியா?" அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஒவ்வொரு தடவையும் நானே எடுத்துத் தட்டுறேன். பல்லு தேச்ச மாதிரி இருக்கும்!"

உருவிக் காட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சுத்தமாகத்தான் இருந்தது.

மெக்கானிக் பின்னாலிருந்த குழாயைக் கழற்றி உதறினார். ஒரு பிடி பஞ்சு விழுந்தது, அவ்வளவுதான். குழாயை இறுக்கும் வளையம் துருப்பிடித்து அவர் கையோடு வந்துவிட்டது. மெஷினோடு வந்த உதிரி சாமான் பெட்டியை அப்பா பரணிலிருந்து இறக்கினார். மெக்கானிக் அதன் டேப்பை ஒரே இழுப்பில் உரித்தார்.

"யாரு ஒட்டினது? நகமே வேண்டியதில்லையே!"

"நான்தான். பார்சல் ஆபீஸ்ல வேலை பாத்த கை" என்றார் அப்பா. "முனையை உள்பக்கமா மடிச்சு விட்டுட்டா, பிரிக்கிறவன் நம்மளத் திட்ட மாட்டான்."

புது வளையம் கிடைத்தது. காரணம் கிடைக்கவில்லை.

"ஃப்யூஸை மாத்திடறேன். ஆனா ஏன் போச்சுன்னு தெரியாம மாத்தினா புதுசும் போயிரும்."

"மாத்துங்க, மாத்துங்க. காரணம்தான் இங்க நிக்குதே, ஜடை பின்னிக்கிட்டு."

வாலு ஜடையைப் பின்னால் தள்ளினாள். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் திட்டுத்திட்டாக நீர்க்கறை படிந்திருந்தது. அதற்குக் கீழே சுவர்ச் சுண்ணாம்பு பொருக்குத் தட்டியிருந்தது. ஒரே நாளில் வந்த ஈரம் இல்லை அது.

"அம்மா, துணி எப்பலேர்ந்து ஈரமா வருது?"

"ரெண்டு வாரமா எல்லாத்தையும் ரெண்டு வாட்டி ஓட்டுறேன். பாப்பா துணி மூட்டை மூட்டையா சேருதே, அதான்னு நெனச்சேன்."

"ரெண்டு வாரமா? அப்ப என் ஷூ நேத்து வந்த விருந்தாளி!"

"வாய் மட்டும் குறையல" என்றார் அப்பா.

அக்கா தோளில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "கத்தாதீங்களேன். இவ பகல்ல தூங்குறதே இப்ப கொஞ்ச நாளாத்தான். முன்னாடி இந்த மெஷினைப் போட்டாலே வீல்னு அலறுவா."

"ஏன் அலறுவா?"

"மறந்துட்டியா? சுவத்துக்கு வெளிய டக்கு டக்குன்னு அடிச்சுக்குமே!"

"இப்ப அடிக்கலையா?"

அக்கா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "ஆமாடி. கேக்கவே இல்ல."

சத்தம் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். நின்றுபோன சத்தத்தை யார் தேடுவார்கள்?

"வெளிய போய்ப் பாக்கலாமா?" என்றாள் வாலு.

"வெளிய என்ன இருக்கு? சேறுதான் இருக்கு" என்றார் அப்பா. "போய்ப் படி."

அதற்குள் அவள் பின்கதவைத் தாண்டியிருந்தாள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து. சுவரில் குழாய் வெளியே வரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. சூடான காற்று முட்டும்போதெல்லாம் திறந்து திறந்து அடித்துக்கொள்ள வேண்டியது. இப்போது அதன் மேல் பெருக்கல் குறி போல அகலமான பழுப்பு டேப் இரண்டு பட்டை.

பின்னாலேயே வந்த மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா எப்பிடி ஓடும்? சூடெல்லாம் திரும்பி உள்ளயே வந்திருக்கு."

"பக்கத்து வீட்டு ஆளு வேலைதான்!" பின்கதவில் நின்ற அம்மா சேலையை இடுப்பில் செருகினாள். "சத்தம், சத்தம்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தான். இன்னிக்கு நான் கேக்காம விடப்போறதில்ல."

வாலு டேப்பின் மேல் விரலை வைத்தாள். முனையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடிந்து, பிடித்து இழு என்று நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பு. வந்துவிட்டது.

"அம்மா, இரு. பக்கத்து வீட்டுக்காரர் இல்ல." டேப்பைத் தூக்கிப் பிடித்தாள். "ஒட்டும்போதே பிரிக்கிறவனை நெனச்சு முனையை மடிக்கிற ஆளு இந்தத் தெருவுல ஒருத்தர்தான். அப்பா, நீங்கதான்."

சேறு என்று படியைவிட்டு இறங்காமலே நின்றார் அப்பா. மெக்கானிக் மதில்மேல் போன பூனையைக் கவனமாகப் பார்த்தார்.

"பாப்பா தூங்கட்டும்னுதான்…" அப்பாவின் குரல் தரையைப் பார்த்து வந்தது. "ரெண்டு நாளைக்குன்னுதான் ஒட்டினேன். மறந்தே போச்சு."

"பேத்தி தூக்கத்துக்காகப் பேத்தியவே கொளுத்தப் பாத்தீங்களே!" என்றாள் அம்மா. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

புது ஃப்யூஸ் ஏறியது. மீட்டர் வாய்விட்டுக் கத்தியது. டிரையர் ஓடியதும் வெளியே டக் டக், உள்ளே குழந்தை வீல். அந்த அழுகையைக் கேட்டு அக்காவுக்கே நிம்மதியாக இருந்தது.

"மேட்ச் எத்தனை மணிக்கு?" அப்பா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே கேட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. "நானே கொண்டுபோய் விடறேன்."

வாலு வாசலில் உட்கார்ந்து ஷூவில் காலை நுழைத்தாள். கொடியில் தொங்கியும் அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டிய நேரம். ஆனாலும் ஒரு வாக்கியம் காதுக்குள்ளேயே டக் டக்கென்று அடித்தது: வெளிய என்ன இருக்கு?

டேப் ஒட்டியதை மறந்துபோய் அப்பா அப்படிச் சொன்னாரா, ஞாபகம் வந்து சொன்னாரா?