கீழ்ப்பாதிக்காரி

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றபோது அவள் கதவுப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு இந்த வீட்டுப் பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. பூட்டு பழையது, தம்பி புதிதாக அடித்துக் கொடுத்த சாவி அதில் திரும்பவே மாட்டேன் என்றது.

"இன்னும் திறக்கலையாக்கா? வண்டிக்குள்ள ஒரு மனுஷன் கட்டையா கிடக்கறார்" என்று கத்திக்கொண்டே தம்பி வண்டியிலிருந்து குதித்தான். துணிமூட்டையோடு அவன் மனைவி பின்னால் இறங்கினாள். மூட்டையை ஈரத்தில் வைத்துவிட்டாள் என்று அத்தனை பேர் முன்னாலும் அவன் அவளைத் திட்டிய திட்டில், ஸ்ட்ரெச்சர் பிடித்திருந்த ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பாவை அச்சில் வார்த்தது போல இருந்தான். குரல்கூட அதே குரல்.

அப்பாவை முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். கொல்லைப்புற மாடிப்படியிலிருந்து மல்லாக்க விழுந்ததில் நடுமுதுகில் எலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் தண்டுவடத்தை நசுக்கிவிட்டது. உயிர் தப்பியது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அதே படியில்தான் அம்மாவும் வழுக்கி விழுந்து செத்தாள். ஊருக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

"நீதான்க்கா பாத்துக்கணும். உனக்கென்ன, தனிக்கட்டை. எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு" என்றான் தம்பி. அவளும் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள்தான். அதை அவன் ஒரு வேலையாகவே எண்ணியதில்லை. மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து புண் வராமல் அப்பாவைப் புரட்டிப் போடுவதும், சிறுநீர்ப் பையைக் காலி செய்வதும், கால்களைத் துடைத்து மடக்கி நீட்டுவதும் அவள் பாடாயிற்று. அந்தக் கால்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவற்றின் உதை அம்மாவின் இடுப்பில் எந்த இடத்தில் விழும் என்பதும் தெரியும். உதை வாங்கிய மறுநாள் அம்மா தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தேய்த்துக்கொள்வாள். வீடு முழுக்க வாடை அடிக்கும். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இப்போது அவளும் கேட்கவில்லை, கால்களைத் துடைத்தாள்.

முதலில் அவை நனைந்த துணி போலக் கிடந்தன. சில வாரம் கழித்துத் துடிக்க ஆரம்பித்தன.

வாரத்தில் சில நாள் வரும் பிசியோக்காரர் சந்தோஷப்பட்டார். வாயாடி மனுஷர். ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் விருட்டென்று எழும்பி விழுந்தது. உள்ளங்காலில் பேனா மூடியால் கீறினார். பெருவிரல் மட்டும் மெல்ல மேலே நிமிர்ந்தது.

"கால் வந்துடுச்சா சார்?" என்றாள்.

"இல்லம்மா. தலைமை ஆபீஸ் லைன் அறுந்துபோச்சு. ஆனா கிளை ஆபீஸை யாரும் மூடலை. முதுகெலும்பு ஒவ்வொண்ணுக்கும் இடையில ரெண்டு பக்கமும் ஒரு ஜோடி நரம்பு வெளியே வருது. அதுல பின்வாசல் வழியா சேதி உள்ள போகும், முன்வாசல் வழியா உத்தரவு வெளிய வரும். சூடு பட்டா காலை இழுக்கறோமே, அது மூளையைக் கேட்டுட்டா நடக்குது? தண்டே பார்த்து அனுப்பிடுது. அப்பாவுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ தண்டு உயிரோடதான் இருக்கு. தலை பேச்சைத்தான் அது கேட்காது."

"வேற யார் பேச்சைக் கேட்கும்?"

அவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பிசியோக்காரர் குண்டூசியை எடுத்து, தொடையிலிருந்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே வந்தார். "தெரியுதா? இங்க?" தொப்புளருகே வந்ததும் அப்பா முகத்தைச் சுளித்தார். அங்கே நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இதுக்கு மேல உங்க ராஜ்யம். கீழ இருக்கறது தனி நாடு" என்றார்.

மறுநாள் மத்தியானம் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையில் சரக், சரக் என்று சத்தம் கேட்டது. தோலில் தோல் உரசும் சத்தம். எட்டிப் பார்த்தாள்.

போர்வை விலகியிருந்தது. அப்பாவின் வலது உள்ளங்கால் இடது புறங்காலின் மேல் ஏறி மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. மேலே, கீழே. மேலே, கீழே. தொட்டியருகே நின்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அம்மா அப்படித்தான் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள்.

குழாயை மூடினாள்.

காலும் நின்றது.

அப்பா முழித்துக்கொண்டுதான் இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "கால்மாட்டுல யாரு?" என்றார் தணிந்த குரலில்.

"யாருமில்லை."

"தைல வாடை அடிக்குதே."

அடித்தது. வீட்டில் தைலமே இல்லை.

பிசியோக்காரரிடம் சொன்னாள். "தசை இழுப்பும்மா. வெட்டும், உதறும், அவ்வளவுதான். அதுக்குப் பழக்கம்னெல்லாம் ஒண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். நீலக் கோட்டைத் தொட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேலே குத்தினார். இன்னும் மேலே. விலா எலும்புகள் சேரும் குழிக்கு வந்த பிறகுதான் அப்பா "ம்" என்றார்.

பிசியோக்காரர் ஊசியைக் கீழே வைத்தார். புதிதாக ஒரு கோடு போட்டுவிட்டு அவளை வாசலுக்கு அழைத்தார். "எல்லை இப்படி ஏறக் கூடாதும்மா. தண்டுக்குள்ள நீர் கோத்திருக்கலாம். அடுத்தது மார்புக்காம்பு, அப்புறம் கக்கம், சுண்டுவிரல், கட்டைவிரல்னு ஒவ்வொரு நரம்பா மேல போகும். மூச்சை இழுக்கற நரம்பு கழுத்துலேருந்து வருது. அதுவரைக்கும் விடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

தம்பிக்குப் போன் செய்தாள். "இப்பதானே அங்கிருந்து கூட்டிட்டு வந்தோம்? அந்தாளு பேச்சைக் கேட்டு ஆடாதே. வேலை முடிஞ்சதும் வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

ஆம்புலன்ஸுக்கு அவளே சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. எண்ணைத் தேடிக்கொண்டே கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். பல நாள் தூக்கமில்லாத உடம்பு அப்படியே சரிந்தது. அப்போது அவள் முதுகில் இரண்டு உள்ளங்கால்கள் வந்து ஒட்டின. வெதுவெதுப்பாக இருந்தன. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா ஒரே பாயில் படுத்து இப்படித்தான் முதுகோடு காலை அணைத்து வைத்துக்கொள்வாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

போனைக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினாள். பிசியோக்காரர் வந்தபோது, ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறோம், இனி வரவேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஊசியை அவளே எடுத்துக்கொண்டாள். எல்லை மார்புக்காம்பைத் தாண்டியது. கக்கத்தைத் தொட்டது. கால் வந்தவளுக்குக் கை வராதா என்று அவள் காத்திருந்தாள். அந்தக் கை ஒரே ஒரு தடவை தலையைத் தடவிவிட்டால் போதும். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்பாவின் அதட்டலெல்லாம் ஓய்ந்துவிட்டது. வாழ்நாளில் யாரையும் கெஞ்சியறியாதவர், அவள் குளிக்கப் போனால்கூடப் "போகாதேம்மா" என்றார்.

"அவ என் காலைப் போட்டுக்கிட்டா. சட்டையைப் போடற மாதிரி. இப்ப மேல ஏத்திக்கிட்டே வர்றா" என்றார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அது நடந்தது. அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து மெத்தையில் தலையைச் சாய்த்திருந்தாள். விரிப்பின் மேல் ஏதோ நகர்ந்தது. அப்பாவின் வலது கை. நண்டு போல விரல்களை ஊன்றி, நின்று நின்று வந்தது.

அவள் தலைமேல் அமர்ந்தது.

சுண்டுவிரல் முதலில் முடிக்குள் இறங்கியது. அடுத்தடுத்த விரல்களும் இறங்கின. முன்நெற்றியிலிருந்து பின்னால், சிக்கெடுப்பது போல இதமாகக் கோதின. அவளுக்கு அழுகை முட்டியது. "அம்மா" என்றாள்.

ஆனால் நாலு விரல்தான் கோதியது. கட்டைவிரல் மட்டும் விறைத்து, ஒட்டாமல், தள்ளி நின்று நடுங்கியது.

"அது மட்டும் இன்னும் என்னுது" என்றார் அப்பா மேலிருந்து. குரலுக்குக் காற்றுப் போதவில்லை. "அதையும் கேட்கறா. ஆஸ்பத்திரிக்குச் சொல்லும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன், சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலில் அப்பா என்று மிச்சமிருந்தது ஒரு முகமும் கழுத்தும்தான். அவளுக்குச் சட்டென்று இரக்கமாகிவிட்டது. கை தானாகப் போனைத் தேடியது.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். பயத்தில் சொன்னாரா, பேரம் பேசுவதாக நினைத்துச் சொன்னாரா, தெரியாது.

"உங்கம்மா வழுக்கலைடி. நான்தான்... எட்டி உதைச்சேன். நான் விழுந்த அன்னிக்கு மாடிப்படியில என் நெஞ்சுல கை வச்சு அவளும் தள்ளிட்டா. கணக்கு தீர்ந்துபோச்சே. இன்னும் என்ன வேணுமாம் அவளுக்கு? கேளு."



அவள் போனை எடுக்கவில்லை. வேண்டாமென்று முடிவு செய்யவும் இல்லை. தலையிலிருந்த கை இறங்கி அவள் தோளில் படிந்தது. கட்டைவிரலும் இப்போது மற்ற விரல்களோடு சேர்ந்திருந்தது. அந்தக் கை அவளை அணைக்கும் என்று காத்திருந்தாள்.

கை அவளைத் தள்ளியது.

மெதுவாகத்தான் தள்ளியது. ஆனால் திடமாக, வாசலைப் பார்த்து. பெரியவர்கள் பார்க்க வேண்டியதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று வெளியே அனுப்புவது போல. உள்ளே அடி விழப்போகிறது என்று தெரிந்தால் அம்மா இப்படித்தான் அவளைத் தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

"என்னை இவகிட்ட விட்டுட்டுப் போகாதே" என்று கிசுகிசுத்தார் அப்பா.

அவள் போனாள். கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ வெறுங்காலோடு கட்டிலை விட்டு இறங்குவது போல இருந்தது. நிதானமாக நடப்பது போல இருந்தது. மழை ஓயும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

உள்ளே போனபோது அப்பா போட்டபடியே மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. மார்பு எழவில்லை. அவருடைய உள்ளங்கால்கள் இரண்டிலும் தரையின் புழுதி ஒட்டியிருந்தது.

தண்டுவட வீக்கம் மூச்சு நரம்புவரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். சேதி கேட்டு வந்த பிசியோக்காரர் ஒரு கேள்விதான் கேட்டார். "நான் அவ்வளவு சொன்னேனேம்மா?" அவள் கட்டில் விரிப்பை உருவி மடித்தாள். மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள், ஆறவில்லை. அம்மா தன்னிடம் இருக்க வரவில்லை, வந்த வேலை வேறு என்பதுதான் கசந்தது.

காரியமெல்லாம் முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். தம்பி முன்னறையில் நாற்காலியைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவன் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து, அவன் காலருகே குனிந்து தரையில் வைத்தாள்.

"எத்தனை நேரம் கத்தறது? காது அவிஞ்சுபோச்சா?" என்று காலை ஓங்கினான்.

உதை எங்கே விழும் என்று தெரிந்தவள் போலத் தம்பி மனைவி இடுப்பைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினாள். பழகிப்போன திருப்பல். கதவருகே நின்ற அக்காவுக்கு அந்தத் திருப்பல் ரொம்பப் பழக்கம்.

உதை விழவில்லை.

ஓங்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு யாரோ பிடித்து இறக்கியது போலப் பதமாகத் தரைக்கு வந்து ஊன்றிக்கொண்டது. தம்பி எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"கால் மரத்துப்போச்சு போல" என்று சிரிக்க முயன்றான்.  குனிந்து கெண்டைக்காலைக் கிள்ளினான். இன்னும் அழுத்திக் கிள்ளினான். நகம் இறங்கிய இடத்தில் ரத்தம் துளிர்த்து, கணுக்கால்வரை வழிந்தது.

"அக்கா" என்றான். "எனக்கு ஒண்ணுமே தெரியலைக்கா."