அச்சில் சுற்றிய முடி

சக்கர அச்சில் சுற்றியிருந்த முடி ஈரமாக இருந்தது.

பொம்மை ரயில் இஞ்சின்களைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டுவது அவன் தொழில். தரைவிரிப்பு நூல், பூனை முடி, சீப்பிலிருந்து பறந்த கூந்தல் என்று ஓடுகிற இஞ்சின் கண்டதையும் அச்சில் சுற்றிக்கொள்ளும். ஆனால் அதெல்லாம் தூசியும் எண்ணெயும் ஏறிக் காய்ந்து, திரி மாதிரி கறுத்துக் கிடக்கும். இது இடுக்கியில் வழுக்கியது. நீளமான முடி. இழுக்க இழுக்க வந்தது. நுனியில், நகக்கண் அளவுக்குத் தோல்.

"ஒரே எடத்தையே பாத்துட்டு இருக்கீங்களே மச்சான்?" பின்னால் நின்ற தங்கச்சி புருஷன் கேட்டான்.

"முடி சுத்தியிருக்கு மாப்ள."

"உங்க தங்கச்சி இருக்கற வீட்ல சாப்பாட்டுலயே முடிதான். இஞ்சின் மட்டும் தப்பிக்குமா?"

சிரித்தான். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கச்சியைத் தேடித்தான் வந்திருந்தான். ஒன்பது நாளாக அவள் போன் அணைந்து கிடந்தது. கதவைத் திறந்த மாப்பிள்ளை, "கோவிச்சுக்கிட்டு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவா. அதுவரைக்கும் இதைப் பாருங்களேன், இழுக்க மாட்டேங்குது" என்று இஞ்சினைக் கையில் வைத்துவிட்டான். இவனும் உட்கார்ந்துவிட்டான். "எழவு வீட்ல ஒருத்தன் இஞ்சினை நீட்டுனாலும் உக்காந்துடுவண்ணா நீ" என்று தங்கச்சி கேலி செய்வாள்.

மதியம்தான். ஆனாலும் அந்த மாடி அறையின் ஜன்னல்களில் கனத்த துணி அடித்திருந்ததால், மேஜை விளக்கு விழுந்த வட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் மங்கலாகவே இருந்தது. அறை முழுக்க அடைத்த பலகையில் தண்டவாளம் வளைந்து வளைந்து போய், நடுவில் மார்பு உயரத்துக்கு எழுந்த பிளாஸ்டர் மலையின் குகைக்குள் நுழைந்து மறைந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதை மூடப் போட்ட வாசனைத் திரவியம். அதற்கும் அடியில், அலமாரிக்குப் பின்னால் எலி செத்தால் வருகிற இனிப்பு கலந்த நாற்றம்.

"மலை புதுசா மாப்ள?"

"ஒம்போது நாளாச்சு. நானே பூசினேன். எப்படி?"

திருப்புளியை எடுக்கக் கை நீட்டியபோது முழங்கை பக்கத்திலிருந்த மலைச் சரிவில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டான். கரைத்த பிளாஸ்டர் இறுகும்போது சுடும், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். இது காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர். சர்ர். மலைக்குள்ளிருந்து. சுவரை நகத்தால் பிறாண்டுகிற சத்தம்.

எழுந்திருக்க வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் இத்தனை வருஷத்தில் திறந்த இஞ்சினை விட்டு அவன் எழுந்ததே இல்லை. ஒரு திருகு உருண்டால் வேலையே போச்சு. காகிதத்தில் நான்கு திருகுகள் வரிசையாக இருந்தன. மாட்டிவிட்டு எழலாம். முதல் திருகு. பிறாண்டல் வேகமானது. இரண்டாவது. மரை பிடிக்கவில்லை, எடுத்து மறுபடி வைத்தான். மூன்றாவதை முடுக்கும்போது சத்தம் தளர்ந்தது. நான்காவது முடிந்தது.

சத்தமும் நின்றது.

மாப்பிள்ளை இஞ்சினைப் பிடுங்கித் தண்டவாளத்தில் வைத்தான். கரண்ட் பெட்டியின் குமிழைத் திருகினான், அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சின் வழுக்கிக்கொண்டு குகைக்குள் போனது.

வெளியே வரவில்லை.

உள்ளே சக்கரம் சுற்றியது. நூல் நூலாக ஏதோ அறுந்தது. பிறகு ஒரு முனகல். வாயை அடைத்தால் மூக்கு வழியாக வருமே, அந்த முனகல்.

"உள்ள யாருடா?"

"ரயில் சத்தம் தலைவலியா இருக்காம். எல்லாத்தையும் தூக்கி எறியப் போனா மச்சான்." மாப்பிள்ளை குரலில் கோபமே இல்லை. "இப்போ பாருங்க, எவ்ளோ பக்கத்துல கேக்குறா."

மாப்பிள்ளை கையில் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தான்?

முதல் அடி தோளில். எலும்பு உடைந்த சத்தம் இவன் காதுக்குள்ளேயே கேட்டது. இரண்டாவது அடிக்கு ஓங்கினான். இவன் திருப்புளியால் குத்தினான். கன்னத்தில் இறங்கி, பல்லில் இடித்து, வழுக்கி, இன்னும் உள்ளே போனது. கைப்பிடி மட்டும் வெளியே நின்றது. மாப்பிள்ளை தண்டவாளத்தைப் பிய்த்துக்கொண்டு சரிந்தான். கால் மட்டும் தரையை உதைத்தது. பிறகு அதுவும் இல்லை.

இவன் ஒற்றைக் கையால் சுத்தியலை எடுத்தான்.

ஓர் அடி. விரிசல்.

"அம்மாடி, வந்துட்டேன்டா. அண்ணன் வந்துட்டேன்."

இன்னோர் அடி. கம்பி வலை. அடுத்தது. பிளாஸ்டர் பாளமாக விழுந்தது. ஒரு காது. கழுத்து. வாய் நிறைய இறுகிப்போன பிளாஸ்டர். பாதித் தலையில் முடி இல்லை. அங்கே தோலும் இல்லை. பத்து விரல்களிலும் நகம் பிய்ந்து, ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. புது ரத்தம்.

கழுத்தைத் தொட்டான்.

ஜில்லென்று இருந்தது. மலைதான் சுட்டது. அவள் இல்லை. தொட்ட இடம் அழுகிய பழம் மாதிரி அமுங்கியது. செத்து ஒன்பது நாளாகியிருந்தது.

மிச்ச முடியில் இஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற முடியை அச்சில் ஏற்றி, அவள் கழுத்துப் பக்கமாக மேலே ஏறியது.

பாய்ந்துபோய்க் கரண்ட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது. மின்சார ரீங்காரம் நின்றது.

பிளக் அவன் கையில் இருந்தது.

சக்கரம் சுற்றியது.

இஞ்சின் காதைத் தாண்டியது. கன்னத்தில் ஏறியது. முடி விறைத்தது. அந்த இழுப்பில் அவள் தலை, கொஞ்சம் கொஞ்சமாக, அவன் பக்கம் திரும்பியது.

இமையில் காய்ந்திருந்த பிளாஸ்டர் வெடித்தது.

கண் திறந்தது.