ஞாயிறு காலையில் காணாமல் போன வில்

அடேல் ஸ்ட்ரோபல் மேலங்கிகூட இல்லாமல், பனி கொட்டும் தெருவைக் கடந்து ஓடிவந்தார். கச்சேரிக்கு உடுத்திய கறுப்பு உடையின் விளிம்பு நனைந்திருந்தது. காபிக்கடை மூலையில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஹாவ்லிக், அண்ணன் மகள் ட்ரூடாவுடன் உட்கார்ந்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா, எம்மெரிக் செல்லோ வாசிக்கிற வில்லைக் காணோம். நான்தான் எடுத்தேங்கிறான். திருடியோட மேடை ஏறமாட்டானாம். ஹால் நிரம்பிடுச்சு!"

ட்ரூடா அதற்குள் எழுந்துவிட்டாள். "சித்தப்பா, வாங்க!"

"காபி?" என்றார் ஹாவ்லிக்.

"ஆறட்டும்!"

பியானோ அடேல், வயலின் ஒத்மார், செல்லோ எம்மெரிக். பத்தொன்பது வருடங்களாக இந்த மூவர். பள்ளிக்கூட மண்டபங்களிலும், வெந்நீர் ஊற்றுக்கு வரும் நோயாளிகள் முன்னாலும் வாசித்துத் தேய்ந்தவர்கள். இன்றுதான் வியன்னாவின் நல்ல அரங்கு ஒன்று கிடைத்திருந்தது. ஹாம்பர்க் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் முதல் வரிசையில் காத்திருந்தார். இன்று மேடை ஏறாவிட்டால் மூவர் என்று யாரும் இருக்கப்போவதில்லை.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் எம்மெரிக், பெரிய வயலின் போன்ற தன் செல்லோவைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போலீஸையே கூட்டிட்டு வந்துட்டாளா! விலங்கு இருக்கா ஐயா? அவ விரலுக்கும் சேத்துப் போடுங்க. என்னை அமுக்குறதே அந்த விரல்தான்."

"வாயை மூடுடா," என்றார் அடேல்.

ஒத்மார் கதவைப் பார்த்தபடியே தன் வில்லின் மயிரை முறுக்கும் திருகை நாலு சுற்றுத் தளர்த்திப் பெட்டியில் வைத்தார். கண் அங்கே இல்லை. கை தானாகச் செய்தது.

"வில்லை எங்க வச்சீங்க?" என்று எம்மெரிக்கைக் கேட்டார் ஹாவ்லிக்.

"இந்த நாற்காலியில. சுருதி பாத்து முடிச்சேன், முறுக்கின வில்லை அப்படியே வச்சிட்டு வெளிய தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா இல்ல. இந்த அறைக்குள்ள வந்துபோனது இவங்க ரெண்டு பேர்தான்."

"மாற்று வில்?"

"பழுது பாக்கக் குடுத்திருக்கேன்."

"ஒத்மாரைச் சந்தேகப்படலையா?"

"ஒத்மாரா? ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க நாங்க. இவளுக்குத்தான் என்மேல கடுப்பு. ரெண்டு மாசமா சண்டை."

"எதுக்குச் சண்டை?"

"பியானோவை இடிக்கிறா. எல்லா இடத்துலயும்னா பரவாயில்ல. மெதுவான பகுதியில, ஒத்மார் ஒரே சுரத்தை மெல்லிசா இழுத்துப் பிடிக்கிற இடத்துல மட்டும்! அங்க என் செல்லோ செத்துப்போகுது. ஏன்னு கேட்டா பதில் இல்ல."

ஹாவ்லிக் அடேலைப் பார்த்தார். அடேல் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கிடைச்சிடுச்சு!" நாற்காலிமேல் ஏறி நின்ற ட்ரூடா கத்தினாள். அலமாரி உச்சியில், மடித்த கழுத்துத் துணிக்குள் இருந்தது வில். எம்மெரிக் பறித்தார். வில்லின் மயிர் தொய்ந்து ஆடியது.

"சித்தப்பா, அடேல் அம்மாவுக்கு அவ்வளவு உயரம் எட்டாது!"

"நாற்காலி போட்டா எட்டும். உனக்கு எட்டலையா?" ஹாவ்லிக் வில்லை வாங்கிக்கொண்டார். "முறுக்கி வச்ச வில் தளர்ந்து கிடக்கு. திருடினவர் தளர்த்தியிருக்கார். ஒளிச்சு வைக்கிற அவசரத்துல எதுக்கு அது?"

"முறுக்கோட வச்சா வில் வளைஞ்சு கெட்டுடும்," என்றார் எம்மெரிக். "நாங்க யாரும் அப்படி..." அவர் குரல் நின்றது.

"அடேலுக்கும் அது தெரியும். ஆனா அவசரத்துல கை தெரிஞ்சதைச் செய்யாது, பழகினதைத்தான் செய்யும். பியானோ வாசிக்கிற கைக்கு இந்தப் பழக்கம் இல்ல. இப்பகூட ஒருத்தர் பாக்காமலேயே தன் வில்லைத் தளர்த்தினார்."

ஒத்மார் உட்கார்ந்தார்.

"இவருக்கு என்ன பகை?" என்றாள் ட்ரூடா.

"பகை இல்ல, பயம். மெல்லிசா இழுக்கிற சுரத்துலதான் வில் பிடிக்கிற கை நடுங்கினா வெளிய தெரியும். அங்க மட்டும்தான் அடேல் சத்தம் கூட்டினார். அமுக்கினது செல்லோவை இல்ல. நடுக்கத்தை."

அரங்கில் பொறுமையிழந்தவர்களின் கால்கள் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தன.

"இன்னிக்கு மட்டும் தள்ளிப்போகட்டும்னு நினைச்சேன்," என்றார் ஒத்மார். "அந்த ஹாம்பர்க்காரன் காதுல இது விழ வேண்டாம்னு. உன்மேல பழி வரும்னு நினைக்கல அடேல். வந்தப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரல."

அவர் வலக்கையை நீட்டினார். விரல்கள் லேசாக ஆடின.

எம்மெரிக் அடேல் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமா தெரியுமா உனக்கு? அவ்வளவு திட்டினேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கழுதை?"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரியும்."

எம்மெரிக் மூக்கை உறிஞ்சினார். பிறகு வில்லை முறுக்கத் தொடங்கினார்.

"எழுந்திருடா ஒத்மார். மெதுவான பகுதி வரட்டும். இவ இடிக்க வேண்டாம். நீ நடுங்கு. நானும் உன்கூடவே நடுங்குறேன். இவளும் விரலை நடுக்கட்டும். மூணு பேரும் ஒண்ணா நடுங்கினா அது நம்ம பாணிடா!"

ஒத்மார் சிரித்தாரா அழுதாரா என்று ட்ரூடாவால் சொல்ல முடியவில்லை. அவர் பெட்டியைத் திறந்தார்.

கதவு திறந்தது. மூவரும் வரிசையாக வெளிச்சத்துக்குள் போனார்கள்.