ரிங்லெட் ஏரியில் சோழர் கப்பல்

உலகத் தமிழினத்துக்கு ஓர் அறிவிப்பு: 1978 மே முதல் தேதி, காலை பத்து மணிக்கு, கேமரன் மலைத் தோட்ட மண்டபத்தில் சோழர் கப்பலின் பலகை திறந்துவைக்கப்படும். அந்தக் கணமே வரலாறு திருத்தி எழுதப்படும்.

ஒன்பது மணிக்குப் பலகையைக் காணவில்லை.

நீர் வற்றிய ரிங்லெட் ஏரிச் சேற்றில் அதைக் கண்டெடுத்தவர் தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி ராதாகிருஷ்ணன். நீரடித் தொல்லியல் மன்றத்தின் தலைவர்; அதன் ஒரே உறுப்பினரும் அவரே. பலகை ஓரத்தில் வரிசையாகத் துளைகள். பழைய கப்பல்களை ஆணியின்றிக் கயிற்றால் தைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தார். அது போதுமானதாக இருந்தது. மூவாயிரத்து ஐந்நூறு அடி மலைமேல் கப்பல் எப்படி ஏறியது என்று கேட்டவர்கள் இனத்துரோகிகள் ஆனார்கள். காயவிட்டால் மரம் கெடும் என்று அருங்காட்சியகத்தார் எச்சரித்திருந்ததால், பலகை மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது.

9.20. போலீஸ் கார்ப்பரல் சூசைமுத்து வந்தார்.

"திருடி அகப்பட்டாச்சு லா," என்றார் கிராணி.

தேயிலை ஆலையில், சுடுகாற்றில் கொழுந்து வாட்டும் மாடியைக் கூட்டுகிற பவளம், விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் நடுவே நின்றிருந்தாள். அவள் குப்பைக் கூடையில் ஏரிச் சேறு. பலகை வராவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை நாளையே காலி செய்ய வேண்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

"இத எங்க கூட்டுன, தங்கச்சி?"

"மாடியிலதாங்க. காலைல ஆறு மணிக்கு."

சூசைமுத்து சேற்றை விரலால் அழுத்தினார். அப்பளம்போல் நொறுங்கியது.

"கிராணி, கட்டைய கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். தண்ணிக்குள்ளதான் கிடந்துச்சு. தொட்டுக் கும்பிட்டேன்."

"உங்க வீட்டுல துணி காயுதா?"

"மூணு நாளா மழை. போட்டிருக்கிற சட்டையே ஈரம். ஏன் கேக்குறீங்க?"

"நேத்து ஞாயித்துக்கிழமை, ஆலைக்கு லீவு. மாடி சாவி யாருகிட்ட?"

கிராணியின் கை இடுப்புச் சாவிக்கொத்தை மூடியது.

9.45.

"நேத்து சாயங்காலம் தண்ணியில கிடந்த கட்டையோட சேறு, விடிஞ்சா அப்பளமா? இந்த மழையிலயா? சுடுகாத்து அடிக்கிற இடம் தோட்டத்துல ஒண்ணுதான். சாவியும் ஒண்ணுதான். கட்டைய எடுத்தது நீங்க. ஆனா துடைப்பம் தொட்டுப் பழக்கம் இல்ல, சேற மறந்துட்டீங்க. ஏன் காய வச்சீங்க?"

கிராணியின் குரல் இறங்கியது. "வார்னிஷ் அடிக்க. பத்திரிகைக்காரன் படம் எடுக்க வர்றான். காத்துல வச்சேன்... முறுக்கிக்கிட்டு மூணா வெடிச்சிருச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

பவளத்தின் வீடு தப்பியது. காலையிலிருந்து அவளைத் திருடி என்று முறைத்த இருநூறு பேரும் தத்தம் செருப்புகளை ஆராய்ந்தார்கள். செருப்பு இல்லாதவர்கள் விட்டத்தை ஆராய்ந்தார்கள்.

கிராணி கைகூப்பினார். "மன்னிச்சிரும்மா. சோழன் கப்பல நானே எரிச்சுட்டு, உன்மேல பழி போட்டேன்." குரல் உடைந்தது.

பவளத்துக்கு அவரைப் பார்க்கவே கூசியது.

"அழாதீங்க கிராணி. அது கப்பல் இல்லீங்க. இந்த ஏரிக்கு அணை கட்டறப்போ, எங்கப்பா ஓட்டை போட்டுக் கயிறு கோத்துச் செஞ்ச தெப்பம். நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

கிராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"செஞ்ச அன்னிக்கே முழுகிருச்சு," என்றாள்.