இரண்டு பேருக்கு ஒரு டிஸ்க்

அந்த வியாழக்கிழமை பிற்பகல் டிசைன் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கதவை ஒட்டிய மர மேசையில், தறிக்கு டிசைன் சொல்லும் ஜக்கார்டு அட்டையைக் குத்தும் மெஷினுக்கு முன்னால் பரசுராமன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், போனும் கையுமாக முதலாளி ஜெகநாதன். ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் தேவிப்ரியா. அவளுக்கு எதிரே, மகாலட்சுமி காலண்டர் தொங்கும் சுவர்ப் பக்கம் சுகன்யா. இருவருக்கும் நடுவில், அன்று காலையில்தான் அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த ஸ்டோரேஜ் ரூட்டர் பச்சை விளக்கை இமைத்துக்கொண்டிருந்தது.

வெளியே ஐப்பசி மழை. பக்கத்துத் தெரு பவர்லூம்களின் சடக் சடக் சத்தம் மழைக்குள் நனைந்து, தலையணையை வைத்து அமுக்கிய மாதிரி மந்தமாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் யாரோ முணுமுணுப்பது தேவிப்ரியாவின் காதில் விழுந்தது.

"எறும்பே எறும்பே கதவச் சாத்து... எங்க பாப்பா தூங்கப் போறா..."

சுகன்யாதான். திரையில் முந்திக்கு மயில் வரைந்தபடியே பாடிக்கொண்டிருந்தாள்.

தேவிப்ரியாவின் கை மவுஸின் மேல் நின்றது. மகள் இளமதி கைக்குழந்தையாக இருந்தபோது, கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு அவள் தானாகவே கட்டிய பாட்டு அது. ராணுவத்தில் இருக்கும் கணவன் ரஞ்சித்குமாருக்குக்கூடத் தெரியாது. வெட்கத்தால் அவனுக்குப் பாடிக் காட்டியதில்லை.

"இந்தப் பாட்ட எங்க கேட்ட?"

"எந்தப் பாட்டுக்கா?" சுகன்யா நிமிர்ந்தாள். "ஓ, இதுவா? தெரியலியே. மத்தியானத்துலேர்ந்து வாயில வந்துகினே கீது."

மத்தியானம். ரூட்டர் வேலை முடிந்ததும் மத்தியானம்தான்.

அது பார்வைக்கு வீடியோ டெக் போலிருந்தது. அதன் ஒரு பக்கத்திலிருந்து தடித்த கேபிள் ஒன்று, எட்டு டிஸ்க் அடுக்கிய இரும்புப் பெட்டிக்குப் போனது. மறுபக்கத்திலிருந்து நீல ஒயர் ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போனது. எங்கோ மூலையில் இருக்கும் டிஸ்க்கை, அது தனக்கு உள்ளேயே இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைப்பதுதான் அதன் வேலை. சென்னையில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்த தைரியத்தில் தேவிப்ரியாவே உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தாள். கருப்புத் திரையில் ஐ.பி. எண்ணைக் கொடுத்தாள், டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள், எந்த டிஸ்க்கை எந்த மெஷின் பார்க்கலாம் என்று எழுதினாள். தன்னுடையது மூன்றாம் மெஷின், சுகன்யாவுடையது நான்கு.

கூட வந்த புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஒரு டிஸ்க்கை ஒரே நேரத்தில் இரண்டு மெஷினுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டும் அதைத் தன்னுடையது என்றே நினைக்கும். ஒன்று எழுதியதன் மேலேயே மற்றது எழுதும். இரண்டுக்கும் அது தெரியாது.

அவள் அதை ஜெகநாதனிடம் படித்துக் காட்டினாள்.

"ஒரு பொடவைக்கு எதுக்கும்மா ரெண்டு டிஸ்க்கு?" என்றார் அவர். "ஒடம்பும் பார்டரும் நீ போடற. முந்தி அந்தப் பொண்ணு போடுது. பொடவை ஒண்ணுதான? ரெண்டு பேருக்கும் ஒண்ணையே குடு."

"கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்குதுங்க முதலாளி."

"புத்தகம் எழுதனவன் பொடவை நெய்ஞ்சிருக்கானா? ஞாயித்துக்கெழம கல்யாண வூட்டுக்காரங்க டிசைன் பாக்க வராங்க. பேஜார் பண்ணாம ஜல்தியா முடி."

பரசுராமன் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார். "ரெண்டு பொண்டாட்டிக்காரன் வூடு மாதிரி ஆவப்போவுது பாரு."

அவள் ஏழாவது டிஸ்க்குக்கு நேரே மூன்றையும் நான்கையும் சேர்த்து எழுதிச் சேமித்தாள். அந்தக் கணத்தில் அறைக்குள் ஒரு வாசனை வந்து போனது. கரும்பின் காய்ந்த சோகை எரியும் வாசனை. இந்த மழையில் யார் கொளுத்துகிறார்கள் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தெருவில் ஆளே இல்லை.

இப்போது அவள் தன் திரையைப் பார்த்தாள். காலையில் அவள் வரைந்த பார்டர் மாங்காய் ஒவ்வொன்றின் நடுவிலும் மயிலின் கண் ஒன்று திறந்திருந்தது.

"யக்கா," என்றாள் சுகன்யா, மெல்ல, யோசனையாக. "இளமதிக்கு இருமல் வுட்ருச்சா? ராத்திரி ரெண்டு தரம் எழுந்து துளசிக் கஷாயம் வெச்சிக் குடுத்தனே. துப்பிடிச்சி..."

நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவள் போல விழித்தாள்.

"நீயா குடுத்த?"

"இல்ல... நீங்கதான? நான் ரூம்ல தனியாத்தான இருந்தன்." அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா அந்தச் சூடு என் கையில கீதுக்கா. அவ நெத்தி சூடு."

தேவிப்ரியா நேற்று இரவை நினைத்துப் பார்த்தாள். கஷாயம் கொடுத்தது அவள்தான். எழுந்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள், அப்புறம் டம்ளர். அப்புறம்? அதற்கப்புறம் வந்தது வேறு இரவு. சிமென்ட் ஓட்டுக் கூரை. ஜன்னலுக்கு வெளியே கரும்புக் கொல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமலே எழுந்து போன கூடத்தில், ஏடு படிந்த ஐந்து டம்ளர்கள். பின்கட்டில் யாரோ சோகையைக் கொளுத்துகிற புகை.

அது வெம்பாக்கம் பக்கம் இருக்கும் வீடு. சுகன்யாவின் ஊர். தேவிப்ரியா அங்கே போனதே இல்லை.

வேகமாக, பீரோவில் நகை இருக்கிறதா என்று துழாவுகிறவள் போல, உள்ளுக்குள் தேடினாள். இளமதி பிறந்த நாள். வேலூர் ஆஸ்பத்திரி. லீவில் வந்த ரஞ்சித் குழந்தையை எப்படித் தூக்கினான்? தெரியவில்லை. முதல் பல் மேலேயா, கீழேயா? தெரியவில்லை. காதுக்குப் பின்னால் மச்சம் உண்டே, எந்தக் காது? அங்கே கூரை இருந்தது. கரும்புக் கொல்லை இருந்தது. குழந்தை இல்லை.

இளமதி போய்க்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு நினைவாக. எதிரே இருப்பவளுக்குள்.

கருப்புத் திரையைத் திறந்தாள். அழித்துவிடலாம். ஓர் எண்ணை எடுத்தால் போதும். ஏழாவது டிஸ்க். பார்க்க அனுமதி உள்ளவை: மூன்று, நான்கு. கர்சர் துடித்தது.

மூன்றா? நான்கா?

எது தன்னுடையது?

காலையில் தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கமா, காலண்டர் பக்கமா? அவள் உட்கார்ந்திருப்பது ஜன்னல் பக்கம். ஆனால் இது தன் இடமா, இல்லை ரூட்டருக்காக வந்து உட்கார்ந்ததா? தப்பாக அழித்தால் போவது யார்?

எழுந்தாள். முதலாளி தறிக் கொட்டகைக்குப் போயிருந்தார். பரசுராமனிடம் போய்க் குனிந்தாள்.

"அண்ணா... நான் எப்பவும் எங்க உக்காருவேன்?"

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னாம்மா வெளாட்டு? இப்பத்தான வந்து இதையே கேட்டுகினு போன? ஜன்னலாண்டதான்."

அவள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

திரும்பினாள்.

ஜன்னலோர நாற்காலியில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். தேவிப்ரியாவின் டிபன் பை அவள் மடியில். கன்னத்தில் கண்ணீர்.

"அண்ணன்தான் சொன்னாரு," என்றாள். "இதான் என் இடம்னு. யக்கா, என்னை அழிச்சிடாதீங்க. எனக்குப் பொண்ணு இருக்கா."

தேவிப்ரியா ரூட்டரின் பவர் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பச்சை விளக்கு அணைந்தது. இரண்டு திரைகளிலும் மாங்காய்கள் உறைந்து நின்றன.

காத்திருந்தாள். எதுவும் திரும்பி வரவில்லை. எழுதினது எழுதினதுதான்.

வாசலில் ஸ்கூல் ஆட்டோ ஹாரன். மழைக்கோட்டு சொட்டச் சொட்ட இளமதி கதவருகே வந்து நின்றாள்.

"அம்மா!"

இருவரும் திரும்பினார்கள்.

குழந்தை திகைக்கவில்லை. தினமும் செய்கிறவள் போல உள்ளே வந்தாள். தண்ணீர் பாட்டிலைச் சுகன்யாவிடம் கொடுத்தாள். பையைத் தேவிப்ரியாவிடம் கொடுத்தாள். இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"பாப்பா," என்றாள் தேவிப்ரியா. "அம்மா யாருடி?"

இளமதி இரண்டு முகங்களையும் பார்த்தாள். "போம்மா," என்று சிரித்தாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

இதற்கு ஒரே ஆள்தான் சாட்சி. ரஞ்சித் வர வேண்டும். வந்து பார்த்தால் அவனுக்குத் தெரியாமலா போகும்? தேவிப்ரியா இளமதியின் பையிலிருந்து தாளை எடுத்தாள். வாரா வாரம் எழுதுகிற மாதிரியே மேலே தேதியும் ஊரும் போட்டாள்.

'என்னங்க, உடனே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வரவும். இங்கே நான் என்று சொல்லிக்கொண்டு இன்னொருத்தி இருக்கிறாள். எங்கள் இருவரையும் நேரில் பார்த்து யார் நான் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை அடையாளமாக எழுதுகிறேன்.'

பேனா நின்றது. தேடினாள். கரும்புக் கொல்லை. கரும்புக் கொல்லை. அதற்கும் பின்னால், ஒரு மூலையில், ஒன்று மிச்சமிருந்தது. கல்யாணமான மறுவாரம், படவேடு கோயிலுக்குப் போன பஸ்ஸில் அவள் தூங்கிவிட, இறங்கும்போது அவன் அவள் காதோரம் சொன்னது. பிடித்துக்கொண்டாள். நழுவுவதற்குள் எழுதினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். பிடி கிடைத்தது போல நெஞ்சு லேசானது.

எதிரே பேனா கீறும் சத்தம் அதே நேரத்தில் நின்றது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்து உறைக்குள் வைத்தாள். படை எண், பெயர், ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் விலாசம், எல்லாம் கை தானாகவே எழுதியது. கோந்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் அழுத்தினாள். வெளியே நடந்தாள்.

மழை தூறலாகியிருந்தது. தெருமுனைத் தபால் பெட்டி விளக்குக் கம்பத்தடியில் சிவப்பாக நனைந்து நின்றது. இளமதி அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இளமதியின் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று தேவிப்ரியா பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது.

பெட்டியின் வாயருகே இரண்டு கைகள் நீண்டன. இரண்டு உறைகள். ஒரே விலாசம். ஒரே சாய்ந்த எழுத்து. 'ர'வின் கால் நீண்டு வளையும் அதே வளைவு.

இரண்டு பேரும் விட்டார்கள்.

உள்ளே ஒரு கடிதம் விழும் சத்தம்தான் கேட்டது.