கோடையில் ஊற்றிய தண்ணீர்

காற்றே இல்லை. ஆனாலும் ஓக் மரம் முனகியது.

ஒடீலியா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் ஊர் இருந்த பள்ளத்தாக்கில் ஜூலை மாதச் சாயங்காலங்களில் இலைகூட அசையாது. ஊரே பெயர்ப்பலகை மாட்டிக் கொண்டாடும் பழைய ஓக்குகளில் பெரியது அவள் வீட்டுக் கூரைமேல் கிளை விரித்து நின்றது. அதன் நிழல் விழும் அறையில்தான், பக்கவாதத்தில் பேச்சுப் போன கணவன் மன்வெல் படுத்துக் கிடந்தான். அவன் குரலை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்று அவள் வேண்டிக்கொள்ளாத நாளில்லை.

மரம் வாடினால் அவன் அறை அனலாகிவிடும் என்று பயந்து, கோடை தொடங்கியதிலிருந்து தினமும் மரத்தடியில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டு ஹாஸ்கல் இன்று காலையில் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? நம்ம ஊர் ஓக்குக்குக் கோடைத் தண்ணி விஷம். பட்டைக்கு அடியில பூஞ்சை ஏறிடும். இன்னியோட நிறுத்து."

வேலி தாண்டி வந்து, அடிமரத்துப் பட்டையைக் கத்தியால் உரித்தும் காட்டினார். உள்ளே விசிறி போல விரிந்த வெள்ளைப் படலம், ஈரக் காளான் வாடை. அப்போதே குழாயை இறுக்கி மூடினாள்.

இப்போது அதே வாடை வீட்டுக்குள் அடித்தது. சிங்குக்கு அடியில் தேடினாள், கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. நடைவழியில் போகப் போக வாடை கூடியது, முனகலும் கூடியது. அது வெளியிலிருந்து வரவில்லை. மன்வெல்லின் அறையிலிருந்து வந்தது.

கதவைத் திறந்தாள். இருட்டு. ஈரம்.

"ஒடீலியா."

அவன் குரல். அவன் குரலேதான். அழுதுகொண்டே ஓடி அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பாதத்துத் தோல் கையோடு வந்துவிட்டது. காய்ந்த பட்டை. ரத்தம் இல்லை. அடியில் வெள்ளை. விசிறி போல விரிந்த வெள்ளை.

"ஏன் நிறுத்தின?" என்றான். "தாகமா இருக்குடி."

எத்தனை மாதம் கழித்து வாய் திறந்து கேட்கிறான். ஜன்னல் வழியாக ரப்பர் குழாயை உள்ளே இழுத்தாள். கட்டிலின்மேல் திறந்துவிட்டாள்.

"இன்னும்," என்றான் மன்வெல்.

காற்றே இல்லை. கூரைமேல் மரம் முழுவதும் அசைந்தது.