வலது மேல் மூலை

எந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்தப் புள்ளி வலது மேல் மூலையில் இருந்தது. கூடத்தில் அது மின்விசிறியின் இறக்கைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் திரைச்சீலைக்கு மேலே, வெள்ளைச் சுவரில். மொட்டை மாடியில் மேகமே இல்லாத ஆகாயத்தில். மிளகு அளவுதான். சாம்பல் நிறம். ஓரங்கள் மட்டும் ஈரத் துணியில் மை பட்டதுபோலக் கலங்கியிருந்தன.

விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படமெடுப்பதுதான் அவன் பிழைப்பு. சுவர் மூலையில் முதுகை ஒட்டி, முழங்காலை மடக்கி நின்று, கட்டில் போட்டால் கால் வைக்க இடமில்லாத அறையைக்கூட ஓடிப்பிடித்து விளையாடலாம்போலக் காட்டிவிடுவான். அதனால் வீட்டுப் புரோக்கர்கள் அவனுக்கு 'விசாலம்' என்று பேர் வைத்திருந்தார்கள். "பொம்பளைப் பேராச்சே!" என்று அவன் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்று சாயங்காலம் புரோக்கர் போனில் கத்தினார். "என்னப்பா விசாலம், படத்துலயெல்லாம் என்ன கறை அது? வாங்க வர்றவன் கேக்குறான், சுவத்துல தண்ணி ஊறுதான்னு."

"தூசிண்ணே. கேமராவுக்குள்ள, சென்சார்ல உக்காந்திருக்கும். இன்னிக்கே துடைச்சிட்டு, படத்தையும் சரி பண்ணி அனுப்பிடுறேன்."

"சீக்கிரம் பண்ணு. ஏற்கெனவே அந்த வீட்டுக்கு நேரம் சரியில்ல. பெரியவர் செத்த வீடுன்னு பாதி பேரு திரும்பிப் போயிடுறான்."

அவன் போனை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. துணி உலர்த்தும் பால்கனியை அடைத்துக் கட்டிய சின்ன அறைதான் அவன் வேலை செய்யும் இடம். தூசியைத் துடைக்க உட்காருகிறவன் முதலில் தூசியைக் கிளப்பாமல் இருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். தரையையும் மேஜையையும் ஈரத் துணியால் துடைத்து, சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்கார்ந்தான். சமையலறையில் மனைவி வெங்காயம் வதக்கும் வாசமும், கூடத்தில் மகள் வாய்விட்டுப் பாடம் படிக்கும் சத்தமும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன.

முதலில் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தான். லென்ஸின் துளையைக் குறுக்கி எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசியெல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். ஆனது. வலது மேல் மூலை. மற்றபடி சுவர் பளிங்குபோல இருந்தது. வேறு ஒரு துகள்கூட இல்லை. அதுவே அவனுக்கு வினோதமாகப் பட்டது. தூசி தனியாக வராது. வந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

லென்ஸைக் கழற்றினான். கேமராவைச் சுத்தம் செய்யும் நிலையில் வைத்ததும் உள்ளே இருந்த சின்னக் கண்ணாடி டக்கென்று மேலே எழும்பியது, ஷட்டர் திறந்தது, அதற்குப் பின்னால், படம் பதியும் சென்சார் தகடு மின்னியது. பச்சையும் ஊதாவுமாக, குளத்துத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்று ஊதினான். படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே இருக்கும். அந்த இடத்தில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தான். ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி.

மறுபடி சுவரை எடுத்தான்.

புள்ளி போகவில்லை. மிளகாக இருந்தது புளியங்கொட்டை அளவுக்கு ஆகியிருந்தது. மூலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியும் இருந்தது.

"என்னங்க, காபி வேணுமா?" என்றாள் மனைவி, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"வேணாம். கதவத் திறக்காத, தூசி வரும்."

"சரி சரி." பிறகு மகளிடம் சொல்வது கேட்டது: "உங்கப்பா எவ்ளோ பொறுமையா வேலை செய்றாரு பாரு. நீயும்தான் இருக்கியே, ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள ஆயிரம் தடவை எழுந்திருக்க."

பொறுமை. அந்தச் சொல் அவன் காதுக்குள் போய் சுருக்கென்று தைத்தது.

அந்த வீட்டில் அவனுக்கு இல்லாமல் போனது அதுதான். வெயில் சாய்வதற்குள் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. புரோக்கர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரரின் அப்பா மட்டும் இருந்தார். மகன் வெளிநாட்டில், பார்த்துக்கொள்ளும் அம்மாள் மதியத்தோடு போய்விடுவாள். பெரியவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அவன் எந்த அறைக்குள் போனாலும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கூடத்தை எடுத்தால் கூடத்தில் நின்றார். படுக்கையறையை எடுத்தால் கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சீவிக்கொண்டார். "என்னையும் சேத்து ஒண்ணு எடுப்பா. பையனுக்கு அனுப்பலாம்" என்றார்.

"ஆள் இருக்கக் கூடாதுங்க ஐயா. காலி வீடாத்தான் காட்டணும்."

"நான் இருக்கறப்ப எப்பிடிப்பா காலி வீடு?" என்று சிரித்தார்.

கடைசியில் அவன் அதட்டினான். தன் அப்பா வயசுக்காரரை. சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை இருந்தது. பழைய பெட்டிகள், கட்டி வைத்த செய்தித்தாள்கள், அந்துருண்டை நெடி. "இதுக்குள்ள உக்காருங்க. நான் கூப்பிட்டா வெளிய வாங்க." அவர் முகம் சுண்டிப்போய், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக உள்ளே போனார். கதவு சாத்தினால் நிற்காமல் தானாகத் திறந்துகொண்டு படத்துக்குள் வந்தது. அதனால் வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

அதற்கு முன்னால் எடுத்த, அவர் உருவம் விழுந்திருந்த படங்களையெல்லாம் அழித்தான். தாழ்ப்பாள் போட்ட பிறகு எடுத்தவைதான் இப்போது இருப்பவை. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் புள்ளி.

துடைக்கும் குச்சியை உறையிலிருந்து உருவினான். நுனியில் மெல்லிய துணி சுற்றிய பட்டைக் குச்சி. அதில் துடைக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, மூச்சைப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. திருப்பி வலமிருந்து இடமாக ஒரே இழுப்பு. வெளியே எடுத்தான். துணியில் அழுக்கு எதுவும் இல்லை. ஆனால் நெடி ஏறியது. திரவத்தின் நெடியல்ல. அவன் குனிந்து கேமராவின் வாயருகே மூக்கை வைத்தான். ஈரக் காகிதம். அந்துருண்டை. அடியில் லேசாக, அடைத்துக் கிடந்த மனுஷ வாடை.

சட்டென்று பின்வாங்கினான். நாற்காலி கிறீச்சிட்டது.

மழையில் எல்லாம்தான் நாறும் என்று சொல்லிக்கொண்டான். லென்ஸை மாட்டினான். சுவரை எடுத்தான்.

இப்போது அது புள்ளி இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு, படத்தின் நடுவை நோக்கி நகர்ந்திருந்தது. அவன் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். கலங்கலான சாம்பல் நிறத்துக்குள் ஒரு வளைவு. குனிந்த முதுகுபோல. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்த ஒரு ஆளின் முதுகுபோல.

மடிக்கணினியைப் படாரென்று மூடினான்.

"என்னங்க உடைஞ்சுது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

சாவு வீட்டுக்கு அவன் போயிருந்தான். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனான். பெரியவர் உள்ளே எதையோ எடுக்கப் போயிருக்கிறார், கதவு ஆடியதில் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் வேலைக்கார அம்மாள் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். சில நாள் கழித்து அவள் திரும்பி வந்து திறந்தபோது கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாராம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அப்பாவ உயிரோட கடைசியா பாத்தது நீங்கதான் சார். அன்னிக்கு எடுத்ததுல எதுலயாச்சும் அப்பா இருக்காரா? ஒரு ஓரத்துல இருந்தாலும் போதும்." அவன் இல்லை என்று சொன்னான். சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் அவனுக்கு இப்போது உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், தாழ்ப்பாளைத் திறந்துவிட மறந்துபோய் வந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. பெரியவர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னான். "பாவம்ங்க. யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

மறந்துபோய். தனக்குத்தானே அவன் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

இரண்டாவது குச்சி. இழுத்தான். திருப்பி இழுத்தான். அழுத்தக் கூடாது என்று தெரிந்தும் அழுத்தினான். கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. புறங்கையால் தேய்த்துக்கொண்டான், குச்சி பிடித்த கையின் புறங்கையால். மறுபடி இழுத்தான்.

லென்ஸ். சுவர். ஷட்டர்.

சுத்தம்.

வலது மேல் மூலையில் எதுவும் இல்லை. நடுவில் இல்லை. எங்குமே இல்லை. வெள்ளை. அவன் நம்பாமல் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினான். ஒரு துகள் கிடையாது. நெடியும் நின்றிருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியதுபோல இருந்தது. இறங்கிய மறுகணமே, இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. துடைத்தால் போய்விடுகிறது. அவ்வளவு சுலபமாக.

சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

எதிர்ச் சுவரில், வலது மேல் மூலையில், அந்தப் புள்ளி இருந்தது.

படத்தில் இல்லை. சுவரில்.

அவன் தலையைத் திருப்பினான். புள்ளியும் திரும்பியது. ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலின் வலது மேல் மூலை. தரையைப் பார்த்தான். கூடவே வந்தது. கண்ணுக்குள் ஏதோ விழுந்திருக்கிறது, தேய்த்தபோது விழுந்திருக்கும் என்று நினைத்து, கண்ணை இறுக்கி மூடினான்.

மூடிய கண்ணுக்குள் இருட்டாக இல்லை.

கீழே, தரையோடு, கோடாக வெளிச்சம். கதவின் அடியிலிருந்து வருவதுபோல. அந்த வெளிச்சத்தில் பெட்டிகள். கட்டி வைத்த செய்தித்தாள்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு உருவம். கதவிடுக்கின் கோட்டில் இரண்டு நிழல்கள். வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் காலணிகள். அவன் காலணிகள்.

கண்ணைத் திறந்தான்.

ஆமாம், நின்றான். பையை மாட்டிக்கொண்டு, கிளம்பும்போது, அந்தக் கதவுக்கு முன்னால் நின்றான். உள்ளேயிருந்து அவர் கேட்டார்: "முடிஞ்சுதாப்பா?" தாழ்ப்பாளுக்குக் கை போனது. திறந்தால் பேச்சைத் தொடங்குவார், கையைப் பிடித்து உட்காரவைப்பார், வெளிச்சம் போய்விடும். அந்த அம்மாள் காலையில் வந்து திறப்பாள், ஒரு ராத்திரிதானே. அவன் பதில் சொல்லவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல், நுனிக்காலில் நடந்து வெளியே போனான்.

மறக்கவே இல்லை.

கண் எரிந்தது. இமைத்தான். ஒரு இமைப்புதான். உருவம் எழுந்து நின்றிருந்தது.

இமைத்தான். பாதி திரும்பியிருந்தது. தோள். காது. தடி.

இமைக்கவில்லை. முடிந்தவரை இமைக்கவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. அறையின் விளக்கு உடைந்து உடைந்து தெரிந்தது. தாங்கவில்லை.

இமைத்தான்.

அவர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

இரண்டு கை விரல்களாலும் இமைகளை மேலும் கீழுமாகப் பிடித்து விரித்துக்கொண்டான். அப்படியே உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவு திறந்தது. மனைவி. அவள் பின்னால், பென்சிலைக் கடித்தபடி மகள்.

"ஐயோ, என்னங்க இது! கண்ணு ரத்தமா செவந்து கெடக்கு!"

"கிட்ட வராத."

"அந்த மருந்து தெறிச்சிடுச்சா? விடுங்க கையை. விடுங்கன்னா." அவள் மண்டியிட்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளுக்கு நல்ல பலம். "மூடுங்க. கண்ணு காஞ்சு போயிருக்கு. கொஞ்ச நேரம் மூடி இருந்தா சரியாயிடும்."

"மூட மாட்டேன்."

"ஏன்?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகம் எதிரே இருந்தது, அவன்மேல் ஒரு துளி சந்தேகமும் இல்லாத முகம்; அதற்குப் பின்னால் மகளின் முகம், பயந்துபோய், அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று வாயைப் பார்த்துக்கொண்டு. அவனால் முடியவில்லை. பயத்தைக் காட்டிலும் வெட்கம் பெரிதாக இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றான்.

அவள் உள்ளங்கையால் அவன் இமைகளை மெல்ல இறக்கி, அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டாள். சூடான கை. வெங்காய வாசம்.

வெளிச்சக் கோடு இல்லை. பெட்டிகள் இல்லை. எல்லாவற்றையும் ஒரு முகம் மறைத்திருந்தது, மூச்சு படும் தூரத்தில். பல் போன வாய். சீவிய தலை. கோபமே இல்லாத, காத்திருந்து அலுத்த கண்கள்.

பிறகு, இமையின் உட்பக்கத்தில், தொந்தரவு செய்யக் கூச்சப்படுகிற மனுஷர்போல, யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"என்னங்க, இமை இப்பிடித் துடிக்குது?" என்றாள் மனைவி. கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.